ஓடிக்கொண்டிருக்கும் பம்புகளையும் எண்ண வேண்டும்: சி.ஆர்.இ. சான்றிதழ் பற்றி

கேள்வி சுருக்கமாக இதுதான்: "கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். பி.இ. மெக்கானிக்கல். முதல் இரண்டு வருடம் பம்புகளை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெட்டில் இருந்தேன், இப்போது வாரன்ட்டியில் திரும்பி வரும் பம்புகளை ஆராயும் பிரிவில் இருக்கிறேன். ரிலையபிலிட்டி இன்ஜினியர் என்று சான்றிதழ் வாங்கலாம் என்று நினைக்கிறேன். நான் மேனேஜர் இல்லை, எனக்குத் தகுதி உண்டா? வாங்கினால் பிரயோஜனம் இருக்குமா? கோச்சிங் சேர வேண்டுமா?"

நானும் பம்புகளோடு மல்லுக்கட்டுகிறவன்தான். நீங்கள் செய்து அனுப்புகிற பக்கம், நான் ஒரு ரசாயன ஆலையில் வாங்கி ஓட்டுகிற பக்கம். இந்தத் தேர்வை எழுதித் தேறிச் சில வருடங்கள் ஆகின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தகுதியிலிருந்து தொடங்குவோம். நீங்கள் கேட்பது சி.ஆர்.இ., அதாவது சர்டிஃபைடு ரிலையபிலிட்டி இன்ஜினியர். ஒரு பொருள் பழுதாகாமல் எவ்வளவு காலம் ஓடும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறவருக்கான சான்றிதழ். இதைக் கொடுப்பது அமெரிக்காவின் மில்வாக்கியைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.எஸ்.கியூ. அமைப்பு. 1946-ல் தரக்கட்டுப்பாட்டு ஆட்களின் சங்கமாக ஆரம்பித்தது. எட்டு ஆண்டு பணி அனுபவம் கேட்பார்கள். பி.இ. போன்ற இளநிலைப் பட்டம் இருந்தால் அதில் நான்கு ஆண்டைக் கழித்துக்கொள்ளலாம். முதுநிலை அல்லது முனைவர் பட்டம் என்றால் ஐந்து. இரண்டையும் கூட்டி ஒன்பது ஆண்டு சலுகை கேட்க முடியாது, ஏதாவது ஒரு பட்டத்துக்குத்தான். ஆக உங்களுக்குத் தேவை நான்கு ஆண்டு, கையில் இருப்பது ஆறு. இந்த இடத்தில் தாண்டிவிட்டீர்கள்.

தடுக்கும் இடம் அடுத்தது. அந்த அனுபவத்தில் குறைந்தது மூன்று ஆண்டு, முடிவெடுக்கும் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும். இதைப் படித்ததும் நம் ஆட்கள் "நான் மேனேஜர் இல்லையே" என்று விண்ணப்பத்தை மூடிவிடுகிறார்கள். அவர்கள் சொல்லும் முடிவெடுத்தல் பதவியைப் பற்றியதே அல்ல. ஒரு வேலையை வரையறுத்து, நடத்தி, கட்டுப்படுத்தி, அதன் விளைவுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு இருந்ததா என்பதுதான் கேள்வி. உங்களுக்குக் கீழே ஒருத்தர்கூட இல்லாமல் இருக்கலாம். திரும்பி வந்த பம்பைப் பிரித்துப் பார்த்து, "இது வாடிக்கையாளர் தவறு இல்லை, நம் புஷ்ஷில்தான் கோளாறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே? அந்த அறிக்கையை வைத்து டிசைன் மாறியிருக்கும், அல்லது சப்ளையர் மாறியிருப்பார். அதுதான் முடிவு. விண்ணப்பத்தில் "புகார்களைக் கையாண்டேன்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். எந்தப் பம்ப், என்ன கோளாறு, நீங்கள் என்ன பரிந்துரைத்தீர்கள், அதற்கப்புறம் என்ன மாறியது என்று எழுதுங்கள். டெஸ்ட் பெட்டில் இருந்த காலத்திலும், எத்தனை சாம்பிள் ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்று நீங்கள் தீர்மானித்த வேலைகள் இருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். அதிகாரிகள் சொன்னபடி மீட்டர் பார்த்துக் குறித்ததை மட்டும் சேர்க்காதீர்கள்.

இனித் தேர்வு. கணினியில் எழுதுவது, சென்னையில் பிராமெட்ரிக் மையத்தில் எழுதலாம். 165 கேள்விகள், எல்லாமே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. அவற்றில் 150-க்குத்தான் மதிப்பெண். மீதி 15, வருங்காலத் தேர்வுகளுக்காக அவர்கள் வெள்ளோட்டம் விடும் கேள்விகள். எது எது என்று நமக்குத் தெரியாது. விதிமுறைத் திரைகளையும் சேர்த்து நாலரை மணி நேரம் உட்கார வேண்டும், அதாவது ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்தான். 750-க்கு 550 வாங்கினால் தேர்ச்சி. தப்பான விடைக்கு மதிப்பெண் பிடிப்பதில்லை, ஆகையால் எதையும் காலியாக விடாதீர்கள். புத்தகத்தைப் பார்த்து எழுதலாம்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் பலரைக் கவிழ்க்கிறது. "ஓப்பன் புக்தானே" என்று ஏழெட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒன்றரை நிமிடத்தில் கேள்வியைப் படித்து, எந்தப் புத்தகம் என்று யோசித்து, பொருளடக்கம் பார்த்து, பக்கம் புரட்டி, சூத்திரத்தைக் கண்டுபிடித்து, கணக்குப் போட முடியுமா? புத்தகம் உதவுவது புள்ளியியல் அட்டவணைகளுக்குத்தான்: கை-ஸ்கொயர், இசட், டி, எஃப். அப்புறம், எப்போதாவது மறந்துபோகும் ஒரு சூத்திரத்துக்கு. இரண்டு புத்தகம் போதும். பக்க ஓரத்தில் வண்ணத் தாள் ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு திருப்பினால் கை-ஸ்கொயர் அட்டவணை வர வேண்டும், அந்த அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். உதிரித் தாள்களை உள்ளே விட மாட்டார்கள், எல்லாம் பைண்ட் செய்யப்பட்டிருக்க வேண்டும். கேள்வி-விடைத் தொகுப்புகளுக்கும் அனுமதி இல்லை. புரோகிராம் செய்யக்கூடிய கால்குலேட்டரும் கூடாது. எனவே தேர்வுக்குக் கொண்டுபோகப்போகிற அதே சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டரில்தான் ஆரம்பத்திலிருந்தே பழக வேண்டும். எக்ஸெலில் பழகிவிட்டுப் போய் அங்கே லாக் பட்டனைத் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

பாடத்திட்டம் விரிந்து கிடக்கும். நம்பகத்தன்மையின் அடிப்படைகள், இடர் மேலாண்மை, நிகழ்தகவும் புள்ளியியலும், சோதனைத் திட்டமும் மாதிரியமைத்தலும், பொருள் பிறந்ததிலிருந்து கழித்துக்கட்டுவது வரையிலான ஆயுட்கால நிர்வாகம். மெக்கானிக்கல் ஆட்களுக்கு முதலிரண்டும் கடைசியும் பாதி தெரிந்தவைதான். எது எப்படிப் பழுதாகலாம் என்று முன்கூட்டியே பட்டியல் போடும் எஃப்.எம்.இ.ஏ. எழுதியிருப்பீர்கள், மூலகாரணம் தேடியிருப்பீர்கள். இடறுவது நடுவில் இருக்கும் புள்ளியியலில். அங்கேதான் இந்தத் தொழிலின் உயிரும் இருக்கிறது. ஆகவே அங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் நடந்தது. எங்கள் ஆலையில் ஒரே வகைப் பம்ப் அறுபது ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கல் சீல், அதாவது சுழலும் தண்டின் ஓரமாகத் திரவம் கசியாமல் அடைக்கும் பாகம், ஒழுகுகிறது, ஆயுள் என்ன என்று கணக்குப் போட்டுச் சொல் என்றார்கள். லாக்புக்கைப் புரட்டினேன். பன்னிரண்டு சீல் போயிருந்தது. அந்தப் பன்னிரண்டும் ஓடிய மணிகளைக் கூட்டிச் சராசரி எடுத்தேன்: 1,500 மணி நேரம். உடனே அறிக்கை தயார். "சீலின் சராசரி ஆயுள் 1,500 மணி நேரம். எனவே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அறுபது பம்பிலும் சீல் மாற்றிவிட வேண்டும்."

மெயின்டனன்ஸில் இருந்த மூத்த ஃபிட்டர் அதைக் கேட்டுவிட்டு, "ஓடுற பம்ப்பை எதுக்குத் தம்பி பிரிக்கச் சொல்றீங்க? பிரிச்சாத்தான் ஒழுகும்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. பொறியியல் படித்தவன் கணக்குப் போட்டுச் சொல்கிறேன், இவர் என்ன சொல்கிறார் என்று.

கணக்கில் நான் விட்டது, ஓடிக்கொண்டிருந்த நாற்பத்தெட்டுப் பம்புகளை. அவை ஒவ்வொன்றும் சராசரியாக 4,000 மணி நேரம் ஓடி, இன்னும் ஒழுகாமல் இருந்தன. போன பன்னிரண்டின் மொத்தம் 18,000 மணி, ஓடுகிற நாற்பத்தெட்டின் மொத்தம் 1,92,000 மணி. ஆக 2,10,000 மணி நேர ஓட்டத்துக்குப் பன்னிரண்டு பழுது, அதாவது 17,500 மணிக்கு ஒன்று. நான் சொன்னதோ 1,500! செத்தவர்களின் வயதை மட்டும் கூட்டி ஊராரின் சராசரி ஆயுளைச் சொன்ன கதை. பழுதாகாமல் ஓடிக்கொண்டிருப்பவற்றுக்குப் பாடத்தில் சஸ்பென்ஷன் என்று பெயர். இந்தத் தேர்வில் கேள்விக்குக் கேள்வி இது வேறு வேறு வேஷத்தில் வரும்.

இன்னொரு தப்பும் இருந்தது. 17,500 என்ற கணக்கு, பழுது எந்த வயதிலும் ஒரே வேகத்தில் வரும் என்று வைத்துக்கொண்டு போட்டது. அப்படித்தானா என்று பார்க்க வைபுல் வரைபடம் போட வேண்டும். போன சீல்களை ஓடிய மணிப்படி வரிசைப்படுத்தி, ஓடுகிறவற்றுக்கு ஏற்றபடி வரிசை எண்ணைத் திருத்தி, ஒவ்வொன்றுக்கும் மீடியன் ரேங்க் (அந்த மணிக்குள் எத்தனை சதவீதம் போயிருக்கும் என்ற மதிப்பீடு) கண்டுபிடித்து, தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பது. மீடியன் ரேங்குக்கு ஒரு சுருக்குவழி உண்டு: வரிசை எண்ணிலிருந்து 0.3 கழித்து, மொத்த எண்ணிக்கையோடு 0.4 கூட்டி, அதால் வகுக்க வேண்டும். ஐந்தில் முதலாவது என்றால் 0.7-ஐ 5.4-ஆல் வகுத்து, சுமார் 13 சதவீதம். இதை மனப்பாடமாக வைத்திருங்கள், தேர்வில் அட்டவணை தேடும் நேரம் மிச்சம். கோட்டின் சரிவுக்குப் பெயர் பீட்டா. அது ஒன்றுக்கு மேல் என்றால் தேய்மானம், வயதாக ஆகப் பழுது கூடும். ஒன்று என்றால் எந்த வயதிலும் ஒரே மாதிரி. ஒன்றுக்குக் கீழே என்றால் குழந்தைப் பருவச் சாவு. புதிதாக மாட்டியபோதுதான் ஆபத்து, அதைத் தாண்டிவிட்டால் கவலை குறைவு.

எங்களுக்கு வந்த பீட்டா 0.6. பன்னிரண்டில் நான்கு, மாட்டிய முதல் 500 மணிக்குள், அதாவது மூன்று வாரத்துக்குள் போயிருந்தன. சீலுக்கு வயதாகவில்லை, மாட்டும்போதே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். போய்ப் பார்த்தோம். கண்ணாடி போல் தேய்த்து வைத்திருக்கும் சீல் முகப்பை, கிரீஸ் கையோடு எடுத்து, பனியன் வேஸ்டால் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நூலிழை நடுவில் சிக்கினாலும் போதும், அந்த முகப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி உட்காராது. ஃபிட்டர் சொன்னது சரிதான், பிரித்தால்தான் ஒழுகும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அறுபதையும் மாற்றச் சொன்ன என் அறிக்கையை யாராவது அமல்படுத்தியிருந்தால், மூன்று வார ஆபத்தை ஒவ்வொரு பம்புக்கும் வருடத்துக்கு ஆறு முறை புதிதாகக் கொண்டுவந்திருப்போம்.

இது எங்கள் ஆலையில் மட்டும் இருக்கும் விசித்திரம் இல்லை. யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நோலனும் ஹீப்பும் 1978-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுத்த அறிக்கையில், விமானப் பாகங்கள் பழுதாகும் விதத்தை ஆறு வடிவங்களாகப் பிரித்தார்கள். வயதானதால் பழுது கூடுவது 11 சதவீதப் பாகங்களில்தான் தெரிந்தது. 68 சதவீதம், ஆரம்பத்தில் ஆபத்து, அப்புறம் சமவெளி என்ற வகை. குறிப்பிட்ட மணிக்கு ஒரு முறை எல்லாவற்றையும் பிரித்து மாட்டுவதுதான் பாதுகாப்பு என்ற நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது. உங்கள் சர்வீஸ் கையேட்டில் "ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டாயம் மாற்றவும்" என்று இருக்கும் வரிகளை ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

ஒரு சின்ன இடைச்செருகல். வைபுல் என்பவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர். 1951-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில், தன் சூத்திரம் எத்தனை விதமான விஷயங்களுக்குப் பொருந்துகிறது என்று காட்ட ஏழு உதாரணம் கொடுத்தார். எஃகின் வலிமை, சாம்பல் துகளின் அளவு, பிரிட்டிஷ் ஆண்களின் உயரம், பீன்ஸ் விதையின் அகலம் என்று போகும் அந்தப் பட்டியலில், இந்தியப் பருத்தி இழையின் வலிமையும் ஒன்று. பஞ்சாலை ஊர்க்காரர் நீங்கள், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடுகிறவற்றை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, என் சீல் கதையைவிடப் பெரிய உதாரணம் உண்டு. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட சற்று நேரத்தில் வெடித்துச் சிதறியது. அதற்கு முந்தைய இரவு, குளிரில் ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் தாங்குமா என்று பொறியாளர்கள் விவாதித்தார்கள். ஓ-ரிங் சேதமான பயணங்களின் வெப்பநிலைகளை மட்டும் வைத்துப் பார்த்தால், குளிரிலும் சேதம், வெயிலிலும் சேதம், தொடர்பு ஒன்றும் தெரியாது. சேதமே இல்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் படம் தெளிந்தது என்று பின்னர் விசாரித்த ரோஜர்ஸ் குழு எழுதியது. 66 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் 3-ல்தான் ஓ-ரிங் பிரச்சினை. 63 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த 4 பயணங்களில் நான்கிலுமே பிரச்சினை. கண்முன்னே இருந்த தரவுதான். ஒழுங்காக இருந்தவற்றை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை.

இப்போது உங்கள் டெஸ்ட் பெட் பக்கம் வருவோம். புது மாடல் பம்ப் பத்தை 1,000 மணி நேரம் ஓட்டுகிறீர்கள், ஒன்றும் போகவில்லை. மார்க்கெட்டிங் ஆட்கள் "பூஜ்யம் பழுது" என்று போஸ்டர் அடிக்கத் தயாராகிவிடுவார்கள். 90 சதவீத உறுதியோடு நீங்கள் எவ்வளவு சொல்லலாம்? மொத்த ஓட்டம் 10,000 மணி. பழுது பூஜ்யம். கை-ஸ்கொயர் அட்டவணைப்படி 10,000-ஐ 2.303-ஆல் வகுத்தால், பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரத்தின் கீழ்வரம்பு சுமார் 4,340 மணி. அதை வைத்து, ஒரு பம்ப் 1,000 மணி தாங்கும் வாய்ப்பைப் பார்த்தால் 79.4 சதவீதம். வேறு வழியிலும் போடலாம்: 90 சதவீத உறுதி போக மிச்சம் 0.1, பம்ப் பத்து, ஆக 0.1-இன் பத்தாம் மூலம், அதுவும் 0.794. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்வதைக் கையால் ஒரு முறை போட்டுப் பாருங்கள். பாதிப் பாடம் அதிலேயே புரிந்துவிடும். ஆக, பத்துக்குப் பத்தும் தேறிய சோதனை சொல்வது, "ஐந்தில் ஒன்று போனாலும் ஆச்சரியமில்லை" என்பதுதான். 90 சதவீத உறுதியோடு 90 சதவீத நம்பகத்தன்மை காட்ட 22 பம்ப் வேண்டும், 95 சதவீதத்துக்கு 45, 99 சதவீதத்துக்கு 230. ஒன்றுகூடப் போகக் கூடாது.

230 பம்பை யார் கொடுப்பார்கள் என்று கேட்பீர்கள். அங்கேதான் பீட்டா மறுபடி வருகிறது. தேய்மானத்தால் போகும் பாகம், பீட்டா 2 என்று பழைய தரவிலிருந்து உறுதியாகத் தெரிந்தால், சோதனை நேரத்தை இரட்டிப்பாக்கினால் தேவைப்படும் எண்ணிக்கை நாலில் ஒரு பங்காகும். 22 பம்ப் 6 ஆகிவிடும். பீட்டா 1 என்றால் பாதிதான் குறையும், 11. அந்தப் "பழைய தரவு" எங்கிருந்து வரும்? உங்கள் மேசையில் வாரன்ட்டியில் திரும்பிக் கிடக்கும் பம்புகளிலிருந்துதான். அதனால்தான் சொல்கிறேன், இந்தத் தேர்வுக்கு உங்களைவிடப் பொருத்தமான இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் குறைவு.

தேர்வில் வழக்கமாகக் கால் வைக்கும் குழிகள் சில. சோதனையை நேரத்தில் நிறுத்தினீர்களா, கடைசிப் பழுதில் நிறுத்தினீர்களா என்பதைப் பொறுத்துக் கை-ஸ்கொயரின் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம், அதாவது அட்டவணையில் எந்த வரியைப் பார்ப்பது என்று சொல்லும் எண், மாறும். நேரத்தில் நிறுத்தினால் கீழ்வரம்புக்குப் பழுது எண்ணிக்கையின் இரு மடங்கோடு இரண்டு கூட்ட வேண்டும், பழுதில் நிறுத்தினால் வெறும் இரு மடங்கு. கேள்வியில் ஒரே ஒரு சொல்லில் இது ஒளிந்திருக்கும். அடுத்து எம்.டி.பி.எஃப்., மேலே சொன்ன பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரம். "பத்தாயிரம் மணி" என்றால் பத்தாயிரம் மணி வரை ஓடும் என்று நினைப்பது. பழுது வேகம் மாறாத பொருள் அந்த நேரத்தைத் தாண்டும் வாய்ப்பு 37 சதவீதம்தான். தொடர் அமைப்பும், அதாவது ஒரு பாகம் போனாலும் மொத்தமும் நின்றுவிடும் அமைப்பும், அப்படியே. ஒவ்வொன்றும் 95 சதவீதம் நம்பகமான பத்துப் பாகத்தை வரிசையாகக் கோத்தால் மொத்தம் 60 சதவீதத்தை எட்டாது. மனதுக்கு ஒப்பாது, கணக்கு அதுதான்.

பிரயோஜனம் உண்டா என்று கேட்டீர்கள். எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பொருளை வடிவமைத்துச் சோதிக்கும் பக்கம் என்றால், அதாவது வாகன உதிரிபாகம், மருத்துவக் கருவி, விமானம், உங்கள் பம்ப் மாதிரி, சி.ஆர்.இ.தான் சரி. ஆலையை ஓட்டிப் பராமரிக்கும் பக்கம் என்றால் சி.எம்.ஆர்.பி. என்று இன்னொன்று இருக்கிறது, எஸ்.எம்.ஆர்.பி. என்ற அமெரிக்கச் சங்கம் நடத்துவது. 110 கேள்வி, இரண்டரை மணி நேரம், புத்தகம் பார்க்க முடியாது, அனுபவ நிபந்தனை கிடையாது. கணக்கு குறைவு, வேலை நிர்வாகமும் தலைமைப் பண்பும் அதிகம். வளைகுடாவில் எண்ணெய், பெட்ரோ கெமிக்கல் ஆலைகளுக்கு வேலை தேடும் நண்பர்களிடம் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கையில் வைப்ரேஷன் மீட்டரோடு திரிபவர் என்றால் ஐ.எஸ்.ஓ. 18436-இன் இரண்டாம் பகுதிப்படி நான்கு நிலைச் சான்றிதழ் தனியாக உண்டு. உங்கள் வேலைக்கு அது இப்போது அவசியமில்லை.

கூகுளில் தேடும்போது ஒரு குழப்பம் வரும். எஸ்.ஆர்.இ., சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியர் என்று ஏராளமான விளம்பரம் வந்து விழும். அது இணையதளங்களும் சர்வர்களும் விழாமல் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் வேலை. பெயர் பங்காளி மாதிரி இருக்கும், பாடம் வேறு. அந்தச் சம்பளத்தைப் பார்த்து இந்தத் தேர்வுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் என்பது உரிமம் அல்ல. இது இல்லாமலும் ரிலையபிலிட்டி வேலை பார்க்கலாம், நம் ஊரில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள். வாங்கினவுடன் சம்பளம் ஏறும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு ஏறவில்லை. மாறியது, கூட்டத்தில் என் பேச்சு. முன்பு "எனக்குத் தோன்றுகிறது" என்று சொன்ன இடத்தில் "இத்தனை சாம்பிளுக்கு இவ்வளவுதான் சொல்ல முடியும்" என்று சொல்ல வந்தது. முழுநேரமாகப் படிக்க ஆசையும் வசதியும் இருந்தால் ஐ.ஐ.டி. கரக்பூரில் இதற்கென்றே எம்.டெக். இருக்கிறது. குடும்பத்தோடு கோவையில் இருப்பவருக்கு அது நடக்கிற காரியமா என்பது நீங்களே முடிவு செய்ய வேண்டியது.

கோச்சிங். அவசரப்பட்டுச் சேராதீர்கள். ஏ.எஸ்.கியூ. தளத்தில் பாடத்திட்டம் இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் "நினைவில் இருந்தால் போதும்", "பயன்படுத்தத் தெரிய வேண்டும்", "ஆராயத் தெரிய வேண்டும்" என்று ஆழத்தையும் குறித்திருப்பார்கள். பலர் இதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒரே ஆழத்தில் தோண்டி மூச்சுத் திணறுகிறார்கள். அச்சு எடுத்து, தெரிந்தது, கேள்விப்பட்டது, தெரியாதது என்று மூன்று நிறத்தில் கோடு போடுங்கள். பிறகு ஒரு மாதம், தினமும் காலையில் ஒரு மணி நேரம், புள்ளியியல் கணக்கு மட்டும். மாதக் கடைசியில் மேலே சொன்ன 79.4 கணக்கை எதையும் பார்க்காமல் இரண்டு வழியிலும் போட முடிகிறதா பாருங்கள். முடிந்தால் உங்களுக்கு வகுப்பு வேண்டாம், இன்னும் ஐந்து மாதம் நீங்களாகவே படித்துவிடலாம். முடியவில்லை என்றால் வகுப்புக்குப் போங்கள், ஆனால் புள்ளியியலைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும் ஆசிரியரா என்று ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சேருங்கள். வெறும் கேள்வி வங்கி கொடுக்கிறவர் என்றால் வேண்டாம். தேர்வுக் கட்டணம் டாலரில், சில நூறு ஆகும். தோற்றால் மறுபடி கட்ட வேண்டும், அதனால் தேதி போடுவதைத் தயாரான பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தேறிய பிறகு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை 18 மறுசான்று அலகுகள் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். வேலையில் இருப்பது, பயிற்சிக்குப் போவது, பாடம் எடுப்பது எல்லாம் அதில் சேரும்.

படிப்பைத் தொடங்கும் நாளிலேயே அலுவலகத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வாரன்ட்டிப் பதிவேட்டில் திரும்பி வந்த பம்பின் விவரம் மட்டும்தான் இருக்கும், இல்லையா? டெஸ்பாட்ச் பிரிவில் கேட்டு, ஒவ்வொரு மாதமும் எந்த மாடல் எத்தனை வெளியே போனது என்ற எண்ணிக்கையை வாங்கி அதே பதிவேட்டில் பக்கத்துப் பத்தியாகச் சேர்த்துவிடுங்கள். திரும்பி வராதவை எத்தனை என்று அப்போதுதான் தெரியும். அந்த ஒரு பத்தி நிரம்ப ஆரம்பித்ததும் முதல் வைபுல் கோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, பீட்டா என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள். நீங்கள் செய்கிற பக்கம் என்ன வருகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆவல்தான்.